அண்ணி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்கள்

என் அண்ணியைப் பட்டறையில் எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். ஒரு தகட்டைக் கையில் எடுத்தால் வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்ப்பார், ஒரு தடவை நிமிர்த்துவார், அவ்வளவுதான். நாங்கள் மூக்கு உரசப் பார்த்தும் தெரியாத தூசி மேல் அவர் விரல் போய் நிற்கும். டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போய்விடுவார். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் அது என் மேசைக்கு வரும். நான் மூலைகளுக்கு அட்டை மாட்டி, குமிழி பிளாஸ்டிக்கில் சுற்றி, பெட்டியில் போடுவேன். சிவப்பு ஒட்டினால் அது பிரஸ்காரரிடம் திரும்பிப் போகும். அந்தப் பிரஸ்காரர் என் வீட்டுக்காரர். நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று இப்போதே புரிந்திருக்கும்.

எங்கள் பட்டறையில் தயாராவது வீட்டுச் சுவரில் மாட்டுகிற அலுமினியப் படங்கள். பூவோ மலையோ மனித முகமோ கிடையாது. வட்டம், சதுரம், முக்கோணம், கோடு, அதுதான் படம். யாரோ ஓவியர்கள் வரைந்ததை முதலாளி உரிமை வாங்கி வைத்திருக்கிறார். அதைக் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சடித்து, வெள்ளைப் பூச்சுள்ள தகட்டின் மேல் கவிழ்த்து ஒட்டி, பிரஸ்ஸில் வைத்துச் சூடேற்றி அழுத்தினால் மை பூச்சுக்குள் இறங்கிவிடும். பிறகு தேய்த்தாலும் போகாது. ஒட்டும்போது காகிதத்தைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுவிட்டால் சூட்டில் அது நெளியும். படத்தில் கோடும் நெளியும். அதனால்தான் பட்டறையில் பிரஸ்காரரின் கைக்கு அவ்வளவு மரியாதை.

ஓவியர்கள் வைத்த பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டோம். 'அரை நிலா', 'ஏணி', 'தட்டு மேல தட்டு', 'ஜன்னல்'. ஜன்னல் என்பது வெள்ளைப் பரப்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்ச் சின்னக் கட்டங்களாக நிற்கும் படம். அதில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பு, ஒரு கட்டம் மஞ்சள். வேறு எதுவும் இல்லை. அதை ஆசைப்பட்டு வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

அண்ணி மட்டும் சீக்கிரமே கட்சி மாறிவிட்டார். இதற்கு முன்னால் அவர் ஒரு துணி ஆலையில் சட்டைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். தையல் கொஞ்சம் கோணினாலும் உடம்பில் போட்டால் தெரியாது என்று சொல்லியே அங்கே எல்லாவற்றையும் அனுப்பிவிடுவார்களாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "முகம் வரைஞ்சு மூக்கு கோணலா வந்தா, அந்த ஆளு மூக்கே அப்படித்தான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். கோடு கோணலா வந்தா என்னத்தச் சொல்லுவ?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அவருக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏமாற்ற முடியாத படங்கள்.

இத்தனைக்கும் அவருக்கு இருப்பது ஒரு கண்தான். இடது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கவனித்திருந்தால் சரி செய்திருக்கலாமாம். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பார்த்தால் வித்தியாசம் எதுவும் தெரியாது. "அது சும்மா முகத்துக்கு ஜோடியா இருக்கட்டும்னு வச்சிருக்கு," என்று அவரே கேலி செய்வார். சம்பாதித்துப் போடுவது வலது கண், உட்கார்ந்து சாப்பிடுவது இடது கண் என்று என் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அண்ணனுக்கும் அதே பட்டறையில்தான் வேலை, வேன் ஓட்டுகிறார். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். நடுவில் ஒரு மாடிப்படி, இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. முதன்முதலில் 'ஜன்னல்' அச்சடித்தபோது என் வீட்டுக்காரர் கையால் வந்த முதல் தகட்டை அண்ணி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே அதிசயம் என்று முதலாளி அந்தத் தகட்டை அவருக்கே கொடுத்துவிட்டார். அண்ணன் அதைச் சுவரில் மாட்டப் பின்சட்டம் அடிக்கும்போது துளைக்கருவி வழுக்கித் தகட்டின் முதுகில் ஒரு பள்ளம் போட்டுவிட்டார். நல்லவேளை, முன்பக்கம் எட்டவில்லை. அந்தப் படம் கீழ் வீட்டுக் கூடத்தில் வாசலுக்கு எதிரே இத்தனை வருஷமாகத் தொங்குகிறது.

வினை ஆரம்பித்ததும் அந்த ஜன்னல் படத்தில்தான். புதிதாகக் கட்டிய ஒரு பெரிய குடியிருப்பில், ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு ஜன்னல் மாட்ட வேண்டும் என்று ஆர்டர் வந்தது. பட்டறையே பரபரப்பாகிவிட்டது. என் வீட்டுக்காரர் காலையில் போட்ட முதல் அடுக்கில் பாதிக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. நடுவில் கோடு உள்வாங்கி வளைகிறது என்றார் அண்ணி. என் வீட்டுக்காரர் பதறிப்போய் மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு. பிரஸ்ஸைக் கழற்றிப் பார்த்தார்கள், காகிதத்தை மாற்றினார்கள், ஒட்டும் டேப்பை மாற்றினார்கள். என் மேசைக்கு ஒன்றும் வரவில்லை. நான் அட்டை மூலைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று உண்டு. முதலாளி வந்து தகட்டைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஆமாம், நடுவில் லேசாக வாங்கின மாதிரிதான் இருக்கிறது என்றார். தகடு வெட்டுகிறவரும் எட்டிப் பார்த்து ஆமாம் போட்டார். பூதக்கண்ணாடி சொல்லிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு மட்டும் தெரியவில்லை. புருஷனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று என் பேச்சு எடுபடவில்லை.

பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரர் ஒரு நாள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அண்ணியின் மேசைக்குப் போனார். எல்லோரும் பார்க்க, கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தார். கோடும் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு நின்றன. அண்ணி குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அந்த ஸ்கேலே வளைஞ்சிருக்கு தம்பி. கீழ விழுந்துச்சா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளி கடைக்கு ஆள் அனுப்பிப் புது ஸ்கேல் வாங்கி வரச் செய்தார். அதையும் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று அண்ணி சலித்துக்கொண்டார். அப்போதே எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அண்ணிக்கு என் வீட்டுக்காரர் மேல் ஏதோ காய்ச்சல், வேண்டுமென்றே பழி வாங்குகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் மாடிப்படியில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேச்சுவார்த்தை நின்றது. தொட்டி நிரம்பிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லாமல் தண்ணீர் வழிந்து மாடிப்படியெல்லாம் ஓடியது. துடைக்கவும் இரண்டு பேருமே போகவில்லை.

அதைவிட மோசமானது வீட்டுக்குள் நடந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் மேசை விளிம்பைப் பார்ப்பார். படுத்தால் போர்வையின் கோடுகளைப் பார்ப்பார். இது நேராக இருக்கிறதா சொல் என்று என்னைக் கேட்பார். நேராகத்தான் இருக்கிறது என்றால் நம்பமாட்டார். அந்த மனிதர் அதுவரை ஒரு காகிதத்தைக்கூட அளந்து ஒட்டியதில்லை. கை வைத்தால் அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும். இப்போது ஒவ்வொரு மூலையையும் நாலு தடவை ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, திங்கள்கிழமை முதல் வேறொரு பிரஸ்காரர் வருகிறார், நீங்கள் கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணியிடம் முதலாளி அபிப்பிராயம் கேட்டாராம். "கையில கவனம் போயிடுச்சு," என்றாராம் அண்ணி. அந்த வார்த்தை என் காதுக்கு வந்ததும் நான் கொதித்துப்போனேன்.

அடுத்த நாள் காலையில், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று படியிறங்கினேன். கோபப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அண்ணி நாற்காலி மேல் ஏறிச் சுவரிலிருந்து ஜன்னல் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே பேசினார்.

"இதப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன். இதுவும் தம்பி கையால வந்ததுதானே? பக்கத்துல வச்சுக் காட்டினா தம்பிக்கே புரியும். முதலாளிகிட்டயும் ஒரு வார்த்த சொல்றேன். கை கெட்டுப்போகல, கவனம்தான் இல்லன்னு."

சண்டைக்கு வந்தவளிடம் சமாதானம் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி நின்றேன். அவர் இறங்கித் தகட்டை நிஜ ஜன்னல் ஓரமாக எடுத்துப் போய், பட்டறையில் செய்கிற மாதிரியே வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்து, ஒரு தடவை நிமிர்த்தினார். பிறகு அசையாமல் நின்றார்.

"இத யாரு மாத்தினது?" என்றார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் மேல் திருட்டுப் பட்டமும் கட்டியாகிவிட்டதா, நாங்கள்தான் வந்து கெட்ட தகட்டை மாட்டிவிட்டு நல்லதைத் தூக்கிப்போனோமா என்று கத்தினேன். பாதி முகத்தில் சவர நுரையோடு அண்ணன் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தகட்டை வாங்கித் திருப்பினார். முதுகில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

"இந்தா பாரு, நான் போட்ட பள்ளம். உலகத்துல வேற எந்தத் தகட்டுல இது இருக்கும்?"

அண்ணி அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். தகட்டை மறுபடி திருப்பினார். அதை நாற்காலியில் சாத்தி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். கதவு நிலையைப் பார்த்தார். அலமாரியின் விளிம்பைப் பார்த்தார். சுவரும் கூரையும் சேரும் இடத்தைப் பார்த்தார். நான் கத்திக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். "வளையுது," என்றார். கையை எடுத்து வலது கண்ணை மூடினார். அண்ணன் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மங்கலா இருக்கு," என்றார் அண்ணி. "ஆனா நேரா இருக்கு."

அண்ணி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாள் அவர் திருப்பி அனுப்பிய தகடுகளும், ஸ்கேலும், புது ஸ்கேலும், எங்கள் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் வந்து இடித்தன. ஸ்கேல் வளைந்திருக்கிறது என்று ஒருத்தி பட்டப்பகலில் சொல்கிறாள், நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அண்ணன், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மாறி மாறி எங்கள் இருவரையும் கேட்டார். கடைசியில் நான்தான் டாக்டரிடம் கிளம்ப அண்ணியின் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன்.

கண் மருத்துவமனையில் டாக்டர் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. எங்கள் ஜன்னலின் குட்டி. இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள், கோடெல்லாம் எப்படித் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார்.

"சிவப்பு ஸ்டிக்கர்," என்றார் அண்ணி.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கண்ணுக்குப் பின்னால் படம் விழுகிற மெல்லிய திரை இருக்கிறதாம். அதற்கு அடியில் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்து, திரை மேடு தட்டிவிட்டதாம். காகிதம் சூட்டில் நெளிகிற மாதிரியா என்று அண்ணன் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் டாக்டர். விட்டால் நடுப்பார்வை முழுக்க இருண்டுவிடும். கண்ணுக்குள் ஊசி போட்டு நிறுத்தப் பார்க்கலாம். வளைந்தது எவ்வளவு நிமிரும் என்று இப்போது சொல்ல முடியாது. கண்ணுக்குள்ளேயா என்று கேட்ட அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவர்கள் இதைத் தாமதமாகத்தான் கவனிப்பார்கள், ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும் என்றார் டாக்டர். அண்ணியின் இடது கண்ணுக்கு மூடிமறைக்கிற சக்தி இல்லை.

ஊசி வலிக்குமா, பார்வை திரும்புமா என்றெல்லாம் அண்ணி கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் திருப்பி அனுப்பினதெல்லாம் நல்ல தகடா?"

அதற்கு டாக்டர் என்ன பதில் சொல்வார், பாவம்.

முதல் ஊசி போட்டுக் கொஞ்ச நாள் ஓய்வில் இருந்த பிறகு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அதற்கு முன்பே முதலாளிக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. புதுப் பிரஸ்காரரை வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார். நடுவில் வாங்கின மாதிரி இருக்கிறது என்று சொன்ன வாயால், எனக்கு அப்போதே சந்தேகம்தான் என்று இப்போது சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தகடுகளெல்லாம் சுவரோரம் சாத்தியிருந்தன. அண்ணி சிரமப்பட வேண்டாம், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாம் என்றார் முதலாளி. அண்ணி காதில் வாங்காமல் தன் முக்காலியில் போய் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். முதல் தகட்டை மேசை மேல் வைக்கச் சொன்னார்.

"நீ பாரு தம்பி. நேரா இருக்கா?"

இத்தனை வருஷத்தில் அண்ணி இன்னொருவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார்.

"ஸ்கேல் நேருன்னு சொல்லுதுக்கா."

"ஸ்கேல நான் கேக்கல. உன்னக் கேக்கறேன்."

அவர் ஸ்கேலை எடுத்தார். மறுபடி பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நேரா இருக்குன்னு சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

"தெரியலக்கா," என்றார். "ஒரு சமயம் நேரா இருக்கு. ஒரு சமயம் நீங்க சொன்ன மாதிரி வளையுது."

இதற்கு முன்னால், கீழ் வீட்டில் அன்றைக்கு எனக்கு வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அதை அந்த டாக்டரிடமே காட்டிவிட்டுத்தான் வந்திருந்தோம். அண்ணியின் நோய் எங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மூக்கு தகட்டில் படுகிற அளவுக்குக் குனிந்து, உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று நாங்கள் கேலி செய்த அந்த இடது கண்ணால் ஒரு கோட்டைப் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை விரலை நகர்த்திக்கொண்டே பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று.

"எனக்கு மங்கலாத்தான் தெரியுது தம்பி. ஆனா நேரா இருக்கு. நீ போட்ட கோடு நேராத்தான் இருக்கு. இப்பப் பாத்துச் சொல்லு."

என் வீட்டுக்காரர் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை வழிவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"நேரா இருக்குக்கா," என்றார்.

அண்ணி பச்சை ஸ்டிக்கர் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். அவர் சிவப்பை உரித்துவிட்டுப் பச்சையை ஒட்டினார். தகடு என் மேசைக்கு வந்தது. அடுத்ததை அவர் மேசையில் வைத்தார். வைத்த கையோடு ஸ்கேலைத் தேடினார். அண்ணி அதை முன்பே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.